புயல் வரும்முன் பிள்ளையின் புத்தகப் பையையும் கவனியுங்கள்

கார்த்திகை பிறந்தால் இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் ஒரு கண் வானிலை அறிவிப்பில் இருக்கவேண்டும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் நேரே எங்கள் பக்கக் கரைக்கே வந்தது. 2024 நவம்பரில் பெங்கல் புயல் கரை தொட்டது புதுச்சேரிப் பக்கம், ஆனால் இங்கே கொட்டிய மழையில் உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தினார்கள். காற்றைவிட வெள்ளம்தான் எங்களுக்கு வில்லங்கம். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் கண்டாவளை, முரசுமோட்டைச் சனம் மூட்டை கட்டவேண்டியதுதான்.

காணி அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில் இருக்கும், இடம்பெயர்ந்து பழகிய சனத்துக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. அவற்றைப் போனில் படமெடுத்து வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். மறந்துபோவது கொப்பிகள்தான். பாடப் புத்தகம் அரசாங்கம் தருவது, தொலைந்தால் அதிபரிடம் சொல்லிக் கேட்கலாம். சாதாரணதரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளை இரண்டு வருடமாக எழுதிய கொப்பியை யார் தருவது? இரட்டைப் பொலித்தீனில் சுற்றி, மூடி இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் பரலில் போட்டு, பரலையும் மரத்தோடு கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மிதந்து போய்விடும். அப்படியும் நனைந்தால் தாள்களைப் பிய்த்துப் பிரிக்க அவசரப்படவேண்டாம். இடையிடையே பழைய பேப்பர் வைத்து, அதை மாற்றி மாற்றி, காற்றோட்டத்தில் காயவிடுங்கள்.

வெள்ளத்தில் இடம்பெயர்ந்தால் முகாம் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். பாய், சமையல், துணி எல்லாம் வகுப்பறைக்குள்ளேயே இருந்தால் சனம் வீட்டுக்குப் போன பிறகும் பாடம் தொடங்க நாளாகும். முடிந்தால் ஒரு அறையையாவது படிப்புக்கென்று ஒதுக்கித்தரச் சொல்லி அதிபரிடமும் கிராம அலுவலரான விதானையாரிடமும் முதல் நாளே கேளுங்கள். வெட்கம் வேண்டாம்.

வீடு திரும்பியதும் சேற்றை அள்ளுவதற்கு முன் சேதத்தைப் படமெடுத்து விதானையாரிடம் பதியுங்கள், கூட்டித் துடைத்த வீட்டைக் காட்டி நட்டஈடு கேட்பது கஷ்டம். கிணற்றை இறைத்துக் குளோரின் போடும்வரை கொதித்தாறிய தண்ணீர்தான். பிள்ளைகளை வெறுங்காலுடன் வெள்ளத்தில் விடாதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். இன்னொன்று: வெள்ளம் போர்க்காலக் கண்ணிவெடியையும் இழுத்துவந்து போடும், அதனால் நேற்றுவரை நடந்த பாதையிலும் தெரியாத இரும்பைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். கண்டால் அருகே போகாமல் பொலிசுக்கு அறிவியுங்கள். அனர்த்த உதவிக்கு 117, அம்புலன்சுக்கு 1990.