வீட்டில் எச்.பி.வி. மாதிரி எடுக்கலாமா? கிட் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

கிளினிக் கட்டிலில் படுக்க வெட்கம், சோதிக்கிற மிஸ்ஸி பக்கத்துத் தெருக்காரர், வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது என்ற யோசனை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்கள் கருப்பைக் கழுத்துச் சோதனையைத் தள்ளிப்போட இதெல்லாம் போதும். அதனால் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, கிட்டில் வரும் குச்சியால் யோனியிலிருந்து மாதிரியை வீட்டில் நாமே எடுக்கலாம் என்றால் நிம்மதிதான், உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்ட வழி அது. ஆனால் வைரஸ் இருக்கிறது என்று முடிவு வந்தால் எங்கே போவேன், யாரைக் கூட்டிக்கொண்டு போவேன் என்பதை முதலே முடிவு செய்யுங்கள். அதற்குப் பதில் இல்லாமல் கிட் வாங்குவது வீண் செலவு.

இந்தக் கிட் சோதனை புற்றுநோயைத் தேடுவதில்லை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமாகும் எச்.பி.வி. வைரஸைத் தேடுகிறது. சுகவனிதையர் கிளினிக்கில் (பெண்களுக்கான அரச கிளினிக்) எடுக்கும் பப் சோதனை, கருப்பைக் கழுத்தின் கலங்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பது. நல்ல ஆய்வுகூடத்தில் பிசிஆர் முறையில் (வைரஸின் மரபணுவைத் தேடும் முறை) சோதித்தால், நீங்கள் எடுத்த மாதிரியும் டொக்டர் எடுத்ததும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நம்பகமானவை.

உறவுக்குப் பிறகு இரத்தம் படுகிறதா, மாதவிடாய் நின்றபின் இரத்தம் போகிறதா, நாற்றமுள்ள வெள்ளைப்படுதலா? அப்படியென்றால் கிட் வேண்டாம், நேரே டொக்டரிடம் போங்கள். கர்ப்பிணிகளும் கருப்பை எடுத்தவர்களும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒன்லைனில் விற்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து அக்கா அனுப்புவா என்பதெல்லாம் சரி, மாதிரியைச் சோதிக்கப்போகும் ஆய்வுகூடம் எது, எத்தனை நாளுக்குள் போய்ச்சேர வேண்டும், முடிவை விளக்குவது யார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். நம் ஊர் வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் அதை வைத்துக்கொண்டு சுற்றவும் கூடாது.

எடுப்பது கஷ்டமில்லை. மாதவிடாய் இல்லாத நாளில், உள்ளே மருந்து எதுவும் வைக்காமல், கையைக் கழுவிக்கொண்டு குந்தியோ ஒரு காலைத் தூக்கி வைத்தோ நில்லுங்கள். குச்சியின் நுனியை எங்கும் தொடாமல் சில சென்றிமீற்றர் யோனிக்குள் விட்டு, கிட்டில் சொன்ன நேரம் மெல்லச் சுழற்றி, குழாயில் போட்டு மூடுங்கள். கருப்பைக் கழுத்தைத் தேடிப்பிடிக்கத் தேவையில்லை. வலித்தால் நிறுத்திவிடலாம்.

வைரஸ் இருக்கிறது என்று வந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான தொற்று ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும், தங்கிவிட்டாலும் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடம் எடுக்கும். வீட்டில் சண்டை வரும் இடமும் இதுதான்: வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும், ஆகவே யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, கணவனோ மாமியோ இதை நடத்தைக்கு ஆதாரமாக்க இடம் கொடுக்காதீர்கள். ஆனால் அடுத்த பரிசோதனைக்குக் கட்டாயம் கிளினிக் போகத்தான் வேண்டும், அதற்குக் குச்சி போதாது.

கிட் சரிவராது என்று பட்டால் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ மிட்வைஃபிடமோ கேளுங்கள். சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் சோதனை இலவசம். பக்கத்துத் தெருக்காரர்தான் பிரச்சினை என்றால், வேறு இடத்துக் கிளினிக்குக்குப் போகலாமா என்றும் கேட்கலாம், கேட்பதில் பிழையில்லை. 2017 முதல் 6ஆம் தரப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள், மகள் அதைப் போட்டிருந்தாலும் பெரியவளானபின் இந்தச் சோதனை அவளுக்கும் வேண்டும்.