வெயில் ஊரில் கருப்பு வெள்ளை பிலிம் கழுவ

மருந்து டப்பாக்களில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 20 டிகிரி தண்ணீருக்கானது. சித்திரை மாதத்து மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரோ 30ஐத் தாண்டி நிற்கும். அந்தத் தண்ணீரில் அதே நேரம் கழுவினால் நெகட்டிவ் அளவுக்கு மீறிக் கருத்து, வெள்ளைச் சட்டையின் மடிப்பெல்லாம் காணாமல் போகும். அதனால் கழுவும் டேங்க், பிலிமைச் சுற்றும் ரீல், சேஞ்சிங் பேக் (வெளிச்சம் புகாமல் கைவிட்டு வேலை செய்யும் பை) ஆகியவற்றோடு நல்ல தெர்மாமீட்டர் ஒன்றும் கட்டாயம் வாங்குங்கள். கீழே உள்ள அளவுகள் 35 மி.மீ. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிமுக்கும் ஐடி-11 டெவலப்பருக்கும் (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) உரியவை.

கேமராவில் பிலிமைப் போட்டு மூடியதும் ரீவைண்டு குமிழை மெல்லச் சுற்றித் தளர்வை எடுத்துவிடுங்கள். பிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போது குமிழும் கூடவே சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் பிலிம் பல்லில் மாட்டவில்லை, திறந்து மறுபடி மாட்டுங்கள். மரத்தடியில் நிற்பவரை எடுக்கும்போது பின்னால் வெயில் காயும் தெருவையும் வெளிச்சம் அளக்கும் மீட்டர் சேர்த்துக்கொண்டால் முகம் இருண்டுவிடும். பக்கத்தில் போய் முகத்துக்கு மட்டும் அளவெடுத்து, பிறகு பின்னால் வந்து எடுங்கள். நிழலில் பதியாமல் போனதை எந்த மருந்தாலும் கொண்டுவர முடியாது. ரோல் முழுக்க உச்சி வெயில் என்றால் கேமராவில் ஐஎஸ்ஓவை (பிலிமின் ஒளியுணர் அளவை) 200 என்று வைத்து, கழுவும் நேரத்தில் சுமார் 15 சதவீதம் குறைத்துக்கொள்ளலாம்.

பையின் இருட்டில் பிலிமை ரீலில் ஏற்றுவதுதான் பலருக்கும் கண்டம். பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் இருந்தாலும் பிலிம் ஒட்டிக்கொள்ளும். பைக்குள் கை வியர்த்தாலும் அப்படித்தான். பிலிம் நுனியின் இரண்டு மூலைகளையும் லேசாக வட்டமாக வெட்டிவிட்டு ஏற்றுங்கள். பாதியில் சிக்கினால் தள்ளவே கூடாது. மடிந்த இடமெல்லாம் பிறை வடிவத் தழும்பாக நிற்கும். எல்லாவற்றையும் டேங்குக்குள் போட்டு மூடி, கையை வெளியே எடுத்துத் துடைத்து உலர்த்திவிட்டுத் தொடருங்கள்.

ஒரு ரோலுக்கு 150 மி.லி. டெவலப்பர், 150 மி.லி. தண்ணீர். டெவலப்பர் 30 டிகிரியில் இருந்தால் ஃபிரிட்ஜ் தண்ணீரை 18 டிகிரிக்குக் கொண்டுவந்து சேருங்கள், கலவை 24க்கு வந்து நிற்கும். ஐஸ் கட்டியை மருந்துக்குள் போடாதீர்கள், கலவை நீர்த்துவிடும். அகலமான பேசினில் 24 டிகிரி தண்ணீர் வைத்து, அதில் டேங்க், ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்தும் மருந்து), அலசும் தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள். 20 டிகிரியில் 13 நிமிடம் ஆவது 24ல் சுமார் 9 நிமிடம்தான். இதைவிடச் சூடான மருந்தில் கழுவினால் நேரம் இன்னும் சுருங்கும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத்திட்டாக ஏறும்.

ஊற்றியதும் முதல் 10 விநாடியில் டேங்கை நான்கு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு டேங்கின் அடியை மேசையில் தட்டுங்கள். தட்டாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிய இடத்தில் மருந்து படாமல், பிரிண்டில் கரும்புள்ளி வரும். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இதே நான்கு கவிழ்ப்பு. நேரம் முடிந்ததும் மருந்தைக் கொட்டி, தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஃபிக்ஸர் ஊற்றுங்கள்.

ரேபிட் ஃபிக்ஸர் 60 மி.லி.யோடு 240 மி.லி. தண்ணீர். முன்பே வெட்டிப்போட்ட பிலிம் துண்டு ஒன்றை அதில் போட்டுப் பாருங்கள். பால் நிறம் போய்த் தெளிய எவ்வளவு நேரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு ரோலுக்கு. புது ஃபிக்ஸரில் தெளிந்ததைவிட இரட்டிப்பு நேரம் பிடித்தால் அந்தக் கரைசல் தீர்ந்துவிட்டது.

கழுவ ஓடும் தண்ணீர் வேண்டாம். டேங்கை நிரப்பி 5 கவிழ்ப்பு, கொட்டி நிரப்பி 10, மறுபடி 20. போர்வெல் தண்ணீர் காய்ந்தால் உப்புத்தடம் விடும். கடைசி அலசல் மட்டும் டிஸ்டில்டு வாட்டரில், வெட்டிங் ஏஜென்ட் (நீர்த்துளி தங்காமல் வழியவைக்கும் திரவம்) சில துளி விட்டு. குளியலறையில் தொங்கவிட்டு, கீழ் நுனியில் கிளிப் மாட்டி, கதவைச் சாத்துங்கள். மின்விசிறிக்குக் கீழே காயப்போட்டால் தூசி ஈரப் பசையில் பதிந்துவிடும்.

காய்ந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஓரத்தில் இருக்கும் எண்களை. அவை நன்றாகக் கருத்து, படம் மட்டும் வெளிறியிருந்தால் வெளிச்சம் போதவில்லை. எண்களும் வெளிறியிருந்தால் மருந்தோ நேரமோ குறைவு. எண்கள் இருந்து படமே இல்லை என்றால் பிலிம் கேமராவில் நகரவே இல்லை. எண்களும் இல்லாமல் மொத்தமும் கண்ணாடிபோல் இருந்தால் டெவலப்பர் செத்துப்போயிருக்கும், அல்லது ஃபிக்ஸரை முதலில் ஊற்றியிருப்பீர்கள். பால்போல் மங்கலாக இருப்பதற்குப் பதற வேண்டாம்: புது ஃபிக்ஸரில் இன்னொரு முறை போட்டு, மறுபடி கழுவினால் தெளிந்துவிடும்.