சோறும் வேண்டும், தொப்பையும் இறங்க வேண்டும்

மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறேன். வருகிற பையன்களில் நிறையப் பேர் திருநெல்வேலிக் குடும்பங்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான்: “அண்ணே, தொப்பை குறையணும், கையும் ஏறணும். எதை முதல்ல பண்ண?” இரண்டையும் சேர்த்தே பண்ணலாம். புதிதாக எடை தூக்குகிறவர்களுக்கும், விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கும் இது நன்றாகவே நடக்கும். வருடக்கணக்கில் தூக்கி உடம்பை ஏற்றி வைத்திருப்பவர்களுக்குத்தான் இழுத்தடிக்கும்.

பட்டினி வேண்டாம். இப்போது சாப்பிடுவதில் தினம் 300, 400 கலோரி குறைந்தால் போதும். நம்மாட்களுக்கு அது சாயங்கால வடாபாவும் சர்க்கரை போட்ட இரண்டு கட்டிங் சாயும் (அரை கிளாஸ் டீ)தான்.

புரதத்தைக் குறைக்கவே கூடாது. உடம்பு எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வையுங்கள். 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். மூன்று முட்டையில் 18 கிராம். எலும்பில்லாத கோழி 200 கிராமில் ஏறக்குறைய 45. ஊற வைக்காத மீல் மேக்கர் 50 கிராமில் 26. மிச்சத்தைப் பருப்பு, தயிர், சப்பாத்தி பார்த்துக்கொள்ளும். ஹோட்டல் தண்ணிச் சாம்பாரைத் தயவுசெய்து இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேர்க்கடலையும் அப்படித்தான்: 100 கிராமில் புரதம் 25 என்றால் கொழுப்பு அதைப் போல இரண்டு மடங்கு.

வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் டப்பாவைத் திறந்து பாருங்கள். பெரிய அடுக்கு நிறையச் சோறு, சின்ன அடுக்கில் குழம்பும் ஒரு துண்டு மீனும். அதை மாற்றிப் போடச் சொல்லுங்கள். சின்ன அடுக்கில் சோறு. பெரிய அடுக்கில் மீன், கோழி அல்லது மீல் மேக்கர், கூடவே காய். இங்கே பாங்டா என்று விற்கிற அயிலை போதும், வாவல் தேட வேண்டாம். குழம்பு வையுங்கள். பொரித்தால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கே 120 கலோரி ஏறிவிடும்.

வாரம் மூன்று நாள் எடை தூக்குங்கள். ஸ்குவாட் (தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்வது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே தள்ளுவது), ரோ (குனிந்து நின்று வயிற்றுப் பக்கம் இழுப்பது). ஒவ்வொன்றும் மூன்று செட், அதாவது மூன்று சுற்று; ஒரு செட்டுக்கு 8 முதல் 12 தடவை. கடைசி இரண்டு தடவை தானாகவே மெதுவாகப் போக வேண்டும். சிரித்துக்கொண்டே முடித்தால் எடை பத்தவில்லை. மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள், போனில் எழுதி வையுங்கள். கண்ணாடி முன்னால் நின்று பைசெப்ஸ் மட்டும் அடிக்கிற கூட்டத்தில் சேராதீர்கள். மற்ற நாட்களில் சயான் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வாருங்கள். ஏழு மணி நேரமாவது தூங்குங்கள்.

புரதப் பவுடர் கட்டாயமில்லை, காசிருந்தால் வசதி, அவ்வளவுதான். சீக்கிரம் ஏறும் என்று எவனாவது ஸ்டீராய்டு ஊசியைக் காட்டினால் அந்த ஜிம்மை விட்டே வந்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் சர்க்கரை மாத்திரை போடுபவர்களும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

எடை மிஷினை மட்டும் நம்பாதீர்கள். தசை கூடிக் கொழுப்பு இறங்கும்போது முள் அசையாமலே நிற்கலாம். தையல் கடை இஞ்ச் டேப் ஒன்று வாங்குங்கள். வாரம் ஒருமுறை, காலையில் கக்கூஸ் போய்வந்து, சாப்பிடும் முன், மூச்சை விட்டபடி, வயிற்றை எக்காமல் தொப்புள் மட்டத்தில் அளக்க வேண்டும். சுற்றளவு இறங்கி, தூக்குகிற எடை ஏறினால் எதையும் மாற்றாதீர்கள். ஒரு மாதமாக டேப் அசையவில்லையா, ராத்திரிச் சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள். ஸ்குவாட் எடை இறங்குகிறதா, அந்தக் கரண்டியைத் திருப்பிப் போடுங்கள்.