பழைய கடிதத்தில் தேதி குழப்புகிறதா?

ஆவணக் காப்பகத்தில் 1752-க்கு முந்தைய ஆங்கிலக் கடிதங்களைப் படிக்கிறீர்களா? ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை எழுதியவற்றில் ஆண்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். அன்று இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-ல்தான். ஆக, "1720 பிப்ரவரி 10" என்று இருந்தால் நம் கணக்கில் பெரும்பாலும் அது 1721. சிலர் கவனமாக 1720/21 என்று இரண்டையும் எழுதி வைத்தார்கள். புண்ணியவான்கள்! ஸ்காட்லாந்துக்கு இந்தத் தலைவலி இல்லை, அங்கே 1600-லேயே ஜனவரி 1-க்கு மாறிவிட்டார்கள்.

அப்புறம், நாளும் உதைக்கும். 18-ஆம் நூற்றாண்டில், 1752 செப்டம்பர் வரை, பிரெஞ்சுக்காரர்களின் நாட்காட்டி ஆங்கிலேயருடையதைவிட 11 நாள் முன்னால் ஓடியது. 1746-ல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் வீழ்ந்த நாள், ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10, புதுச்சேரிக் கணக்கில் செப்டம்பர் 21. இரு தரப்புக் கடிதங்களையும் அருகருகே வைத்துப் படித்தால், கேள்வி வருமுன்பே பதில் எழுதியதுபோலக்கூடத் தோன்றும்.

குறிப்பெடுக்கும்போது கடிதத்தில் உள்ள தேதியை மாற்றாமல் அப்படியே எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் திருத்திய தேதியைப் போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள்; பெரும்பாலான காப்பகங்களில் பேனாவை உள்ளே விடமாட்டார்கள்.