பூனையை விரட்டுவதற்கு முன் கூட்டைப் பாருங்கள்

கோழி ஒன்று குறைந்தால் எங்கள் ஊரில் முதல் பழி பக்கத்து வீட்டுப் பூனைக்குத்தான். மட்டக்களப்புக் கரையோர ஆரையம்பதியில் என் வளவிலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடியப் போய்ப் பார்த்தால் ஒரு பேடு தலையில்லாமல் வலையோரம் கிடந்தது. கதவு பூட்டினபடியே இருந்தது, வலை எங்கும் அறுந்திருக்கவில்லை. கம்பியில் மட்டும் இரத்தமும் நாலைந்து சின்ன இறகும் ஒட்டியிருந்தன.

கோழி அடையும் தடியை வலையோடு ஒட்டிக் கட்டியதுதான் தவறு. கோழிக்கு இருட்டில் சரியாகக் கண் தெரியாது. பூனையோ மரநாயோ வெளியில் நின்றபடியே கழுத்தைப் பிடித்து இழுத்துவிடும். தடி வலையிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி, கூட்டின் நடுவில் இருக்க வேண்டும்.

அடுத்தது வலை. அறுகோணக் கண்ணி வைத்த மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் உதவும். நாய் கடித்து இழுத்தால் பிய்ந்துவிடும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் துருப்பிடித்தால் கையால் இழுத்தாலே வந்துவிடும். பெரிய கண்ணியென்றால் பூனை காலை விட்டுக் குஞ்சை இழுத்தெடுக்கும். முழுக் கூட்டுக்கும் காசு போதாவிட்டால், கீழே இரண்டு மூன்று அடிக்காவது அரை அங்குலச் சதுரக் கண்ணியுள்ள தடித்த வலை அடியுங்கள். எங்கள் மணலைத் தோண்டுவது நாய்க்கும் கீரிக்கும் ஒரு வேலையே இல்லை. அதனால் வலையை ஒரு அடி கீழே இறக்கி, நுனியை வெளிப்பக்கமாக மடித்துப் புதைக்க வேண்டும். கதவடியையும் பாருங்கள், உங்கள் கை நுழைகிற ஓட்டை கீரிக்குத் தாராளம்.

மைம்மலுக்குப் பிறகு அடைப்பதும் பிழை. கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், மரநாய் இறங்கும் நேரமும் அதுதான். ஆனால் இரவு அடைத்துவிட்டோம் என்று பகலில் கவலையில்லாமல் இருக்கவும் முடியாது. கீரி பகலில்தான் வரும். குஞ்சைக் காகமும் பருந்தும் தூக்கும். முதல் சில வாரம் குஞ்சுகளைக் கரப்புக் கூடையால் மூடி வையுங்கள். கூட்டின் முற்றத்துக்கு மேலே பழைய மீன்வலையை இழுத்துக் கட்டினால் பருந்து இறங்காது.

அப்புறம், மீன் கழுவுகிற இடம். செதிளும் குடலும் கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தால் ஊர்ப் பூனையெல்லாம் அங்கேதான் வரும். சாப்பிட வந்த பூனை குஞ்சின் சத்தத்தையும் கேட்கும். கழிவைத் தள்ளிக் கொண்டுபோய்க் குழி வெட்டிப் புதையுங்கள்.

நஞ்சு மட்டும் வைக்காதீர்கள். அதைத் தின்பது உங்கள் நாயாகவும் இருக்கலாம், தவழ்கிற பிள்ளை கையில் எடுக்கவும் கூடும். பூனையையோ கீரியையோ வெறுங்கையால் பிடிக்கப் போகவும் வேண்டாம். அவற்றின் கடியாலும் விசர்நோய் வரலாம். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.