யானகாவாவில் ஒரு நாள்: கால்வாய்ப் படகுப் பயணம், படிப்படியாக

ஜப்பானில் கால்வாய்ப் படகு என்றால் பலர் ஒட்டாருவையோ குராஷிகியையோ சொல்வார்கள். இரண்டும் அழகான ஊர்கள்தான், ஆனால் அங்கே படகு கொஞ்ச நேரத்தில் சுற்றிவிட்டு வந்துவிடும். ஒரு முழு நாளையும் தண்ணீரோடு கழிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் ஊர் யானகாவா. கியூஷு தீவில், ஃபுகுவோகா மாவட்டத்தின் தென்பகுதியில், அரியாகே கடலை ஒட்டி இருக்கிறது. நகர எல்லைக்குள் இருக்கும் கால்வாய்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் 900 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஜப்பானிய மொழி தெரியாதவர்களும் முதல் முறை போகிறவர்களும் இந்த வரிசையில் போனால் சிரமம் இருக்காது.

படி 1: மாதத்தைப் பாருங்கள்

மார்ச் கடைசியில் செர்ரி பூக்கும், ஜூனில் கரையோரம் ஐரிஸ் பூக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை படகின் நடுவில் கணப்பு வைத்து, மேலே மெத்தை போர்த்திவிடுவார்கள். கால்களை உள்ளே நீட்டிக்கொண்டு குளிரில் மிதந்துபோவது தனி சுகம். கோடையில் போனால் காலை முதல் படகுதான் சரி, மதிய வெயில் தாங்காது.

ஒரு எச்சரிக்கை. பிப்ரவரி நடுவில் ஏறக்குறைய பத்து நாட்களுக்கு மதகை அடைத்துக் கால்வாய் நீரை வடித்துவிட்டுத் தூர் வாருவார்கள். அப்போது வழக்கமான பாதையில் படகு போகாது, வேறு இடத்தில் சின்னச் சுற்று மட்டும்தான். படகுக்காகவே போகிறீர்கள் என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: ரயில்

ஃபுகுவோகா விமான நிலையத்திலிருந்து சுரங்க ரயிலில் நகர மையமான தென்ஜினுக்கு 11 நிமிடம். அங்கே நிஷிடெட்சு என்ற தனியார் ரயில் நிறுவனத்தின் நிலையத்துக்கு மாறி, ஓமுட்டா போகும் அதிவிரைவு வண்டியில் ஏறுங்கள். நிஷிடெட்சு யானகாவா நிலையத்துக்கு ஏறத்தாழ 50 நிமிடம் ஆகும். அதிவிரைவுக்கென்று தனிக் கட்டணம் கிடையாது, சாதாரணச் சீட்டே போதும்.

ரயிலும் படகும் சேர்ந்த சுற்றுலாச் சீட்டுகளும் இருக்கின்றன. ஒன்றில் தசைஃபு கோயில் நகரமும் சேரும், இன்னொன்றில் மதிய உணவும் சேரும். ஒரே நாளில் தசைஃபுவையும் யானகாவாவையும் பார்க்கிறவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு இடத்திலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டியிருக்கும்.

படி 3: படகில் ஏறுவது

நிலையத்திலிருந்து 5 முதல் 10 நிமிட நடையில் படகுத்துறைகள் இருக்கின்றன. பல நிறுவனங்கள் படகு விடுகின்றன. பாதையும் கட்டணமும் பெரிதாக மாறாது என்பதால், எது முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறலாம். கடைசிப் படகு பிற்பகலிலேயே போய்விடும். அதனால் படகை நாளின் முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

தொன்கோபுனே என்று சொல்லப்படும் இந்தப் படகு தட்டையான அடிப்பாகம் கொண்டது. காலணியைக் கழற்றிவிட்டுப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். மோட்டார் கிடையாது. படகோட்டி பின்னால் நின்று மூங்கில் கழியால் அடியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். படகில் கழிப்பறை இல்லை, ஏறும் முன்பே போய்விட்டு வாருங்கள். முன்வரிசை கிடைத்தால் விடாதீர்கள். வெயிலுக்கு ஓலைத் தொப்பி வாடகைக்குக் கிடைக்கும். மழைக்குக் குடை உதவாது, பாலங்களின் அடியில் தட்டும். மழை அங்கியே நல்லது.

படி 4: எதைப் பார்ப்பது

படகோட்டி ஜப்பானிய மொழியில்தான் பேசிக்கொண்டு வருவார், பாலத்தின் அடியில் எதிரொலிக்கப் பாடவும் செய்வார். மொழி புரியாவிட்டாலும் இவற்றை நீங்களே கண்டுகொள்ளலாம்.

முதலில் வருவது மதகு. கோட்டை அகழிக்குள் நுழையும் வாசல் அதுதான். கல் சுவர்களுக்கு நடுவே படகு உரசாமல் நுழைவதைப் பார்க்க வேண்டும். 1600-இல் நடந்த செகிகஹாரா போருக்குப் பின் இந்தப் பகுதிக்கு அதிபதியாக வந்த டனாகா யோஷிமாசா கோட்டையையும் கால்வாய்களையும் விரிவாகக் கட்டினார். எதிரி வந்தால் இந்த மதகை மூடிவிட்டு, மேலே ஆற்றின் கரையை உடைத்துவிட்டால் போதும், கோட்டையைச் சுற்றிலும் வெள்ளக்காடாகிவிடும். கோட்டை 1872-இல் எரிந்துபோனது. அகழிதான் மிச்சம், அதில்தான் நீங்கள் மிதக்கிறீர்கள்.

அடுத்து, வீடுகளின் பின்பக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் கல் படித்துறை ஒன்று தண்ணீருக்குள் இறங்கும். இது கடலோரச் சதுப்பு நிலம், கிணற்று நீர் சரிப்படாது. அதனால் குடிக்கவும், அரிசி களையவும், துணி துவைக்கவும் அந்தக் காலத்தில் இந்தக் கால்வாய் நீர்தான். இப்போது பல படிகளில் பூந்தொட்டிகள் இருக்கின்றன.

பாலம் வரும்போது தலையைக் குனிந்துகொள்ளுங்கள், சில பாலங்கள் அவ்வளவு தாழ்வு. குனிந்தபடியே பக்கவாட்டில் பாருங்கள். பாலத்தின் அடியில் கால்வாய் சட்டென்று குறுகும். இடம் போதாமல் அப்படிக் கட்டவில்லை. பெருமழையில் நீர் ஒரேயடியாகக் கீழே பாயாமல் ஒவ்வொரு பாலத்திலும் சற்றுத் தேங்கி மெதுவாக வடியத்தான் இந்த ஏற்பாடு. வறட்சியில் அதுவே நீரைப் பிடித்து வைக்கும். இந்த ஊரில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

இதெல்லாம் கிட்டத்தட்ட இல்லாமல் போயிருக்கும். குழாய்த் தண்ணீர் வந்தபின் கால்வாய்களைக் கவனிப்பார் இல்லை. குப்பையும் சேறும் கொசுவும் சேர்ந்துவிட, 1970-களில் பெரும்பகுதியை மூடிவிட நகராட்சி திட்டம் போட்டது. அந்த வேலைக்கே நியமிக்கப்பட்ட நகராட்சி ஊழியர் ஹிரோமாட்சு ட்சுடாயே, 1977-இல் அதை எதிர்த்தார். மூடினால் ஊர் வெள்ளத்தில் மூழ்கும், நிலமும் தாழும் என்று மேயரிடம் வாதாடித் திட்டத்தை நிறுத்தவைத்தார். பிறகு தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு மக்களிடம் பேசினார். மக்களும் சேற்றில் இறங்கித் தூர் வாரினார்கள். நீங்கள் ஏறிய படகு மிதப்பது அதனால்தான்.

வழியில் செங்கல் கிடங்குகள் மூன்று வரிசையாக நிற்கும், அவை மிசோ என்ற சோயா விழுது தயாரிக்கும் ஒரு நிறுவனத்துடையவை. கரையோரக் கடை ஒன்றில் படகை நிறுத்தி ஐஸ்கிரீமும் வாங்கலாம்.

படி 5: சாப்பாடு

படகு ஒகினோஹாட்டா பகுதியில் இறக்கிவிடும். அங்கே காற்றிலேயே விலாங்கு மீன் சுடும் வாசனை இருக்கும். செய்ரோமுஷி என்பது இந்த ஊரின் உணவு. குழம்பு கலந்த சோற்றின்மேல் சுட்ட விலாங்கைப் பரப்பி, சதுர மரப்பெட்டியில் ஆவியில் வேகவைத்து, மேலே மெலிதாக நறுக்கிய முட்டை தூவித் தருவார்கள். பெட்டியின் அடிச் சோறுவரை குழம்பு இறங்கியிருக்கும். விலை அதிகம், ஒரு பெட்டி சில ஆயிரம் யென். இருந்தாலும் ஒரு முறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை என்றால் 11 மணி வாக்கிலேயே போய்விடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே வழி குறைவு. காய்கறி உணவிலும் மீன் சாறு சேர்ந்திருக்கும். தென்ஜினிலேயே பழம், ரொட்டி வாங்கிக் கையில் வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

படி 6: பிற்பகல்

துறைக்கு அருகிலேயே ஓஹானா இருக்கிறது. 1620 முதல் இந்தப் பகுதியை ஆண்ட டாச்சிபானா குடும்பத்தின் மாளிகை அது. 1910 வாக்கில் கட்டிய வெள்ளைநிற மேனாட்டுக் கட்டடமும், அதன் பின்னால் ஏறத்தாழ 280 பைன் மரங்கள் சூழ்ந்த குளத் தோட்டமும் பார்க்க வேண்டியவை. தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள். பெரிய கூடத்தின் விளிம்பில் உட்கார்ந்தால்தான் அது முழுதாகத் தெரியும்.

அப்புறம் கவிஞர் கிடஹாரா ஹகுஷூ வளர்ந்த வீடு. அரிசி மது தயாரிக்கும் குடும்பம் அவருடையது, 1901-இல் ஊரில் பிடித்த தீயில் மது ஆலை எரிந்துபோனது. இப்போது நினைவகமாக இருக்கிறது. நவம்பர் 1 முதல் 3 வரை அவர் பெயரில் விழா, இரவில் விளக்கேற்றிய படகுகள் வரிசையாகப் போகும்.

படி 7: திரும்புவது

படகு ஒருவழிதான், ஏறிய இடத்துக்குத் திரும்ப வராது. நிலையத்துக்குப் படகு நிறுவனங்களின் வண்டி சில நேரங்களில் இருக்கும், இறங்கும்போதே நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்ப் பேருந்தும் டாக்ஸியும் உண்டு. நடந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கால் வலிக்கவில்லை என்றால் கால்வாய்க் கரையோரமாகவே நடந்து வாருங்கள், காலையில் கீழிருந்து பார்த்த பாலங்களின் மேலே நின்று பார்க்கலாம்.