இன்சூரன்ஸ் முடிஞ்ச வண்டில அடிபட்டா: மலைல திரும்பத் திரும்ப நடக்கற தப்புங்க

ஊட்டி கோர்ட்ல மோட்டார் விபத்து கேஸ் பாக்கறவன் நான். ஹெல்மெட் போடு, குடிச்சுட்டு ஓட்டாதேன்னு எழுதப் போறதில்ல, அது ரோட்டோரம் போர்டு போர்டா இருக்கு. இன்சூரன்ஸ் தேதி முடிஞ்ச வண்டில போய் அடிபட்டவங்க அதுக்கப்புறம் பண்ற கூத்து இருக்கே, அதப் பத்திதான். புதுசா பைக் வாங்கின பசங்க, புதுசா எம்.சி.ஓ.பி. (விபத்து நஷ்ட ஈடு மனு) போட வர்ற ஜூனியருங்க, ரெண்டு பேருமே எங்க செட்டு பண்ணின அதே தப்ப கொஞ்சம் கூட மாத்தாம பண்றாங்க.

"வழுக்கி விழுந்துட்டான் டாக்டர்"

இத நெனச்சா எனக்கு இன்னிக்கும் எரிச்சலா வருது.

கேத்தி பக்கம் காரட் கழுவற இடத்துல வேலை பாக்கற பையன், 32 வயசு. பைக்ல மேல ஏறிட்டு இருந்திருக்கான், எதிர்ல இறங்கி வந்த டூரிஸ்ட் கார் ஹேர்பின்ல வளைவ ஒடச்சு இவன் சைடுக்கே வந்து அடிச்சுருச்சு. குறுகலான மலை ரோட்ல இறங்கற வண்டிதான் ஏர்ற வண்டிக்கு வழி விடணும், அது ரூல், அதனால தப்பு யார் மேலன்னு பெருசா வாதாடக்கூட வேணாம். ஆனா கார்க்காரர் விவரமான ஆளு, எம்பரிவாகன் ஆப்ல பைக் நம்பரப் போட்டுப் பாத்துட்டு, "தம்பி, உன் வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, போலீசு வந்தா உள்ள போறது நீதான்"னு சொல்லி பத்தாயிரத்த கைல திணிச்சுட்டு கெளம்பிட்டார். கூட வந்த அண்ணன் பயந்து போய் ஆஸ்பத்திரில "பைக் வழுக்கி விழுந்துட்டான்"னு சொல்ல, டூட்டி டாக்டர் அத அப்படியே ஏ.ஆர்.ல, அதான் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுல, எழுதிட்டார். எழுதாம என்ன பண்ணுவார்?

கால் எலும்பு கோணலா சேந்து, நொண்டி நடக்கறப்பதான் எங்கிட்ட வந்தாங்க. புகார் லேட்டானா கூட ஏன் லேட்டுன்னு கோர்ட்ல விளக்கிடலாம். ஆனா அடிபட்ட அன்னிக்கே நம்ம வாயாலயே "தானா விழுந்தேன்"னு எழுத வெச்சுட்டா, எதிர்தரப்பு இன்சூரன்ஸ் வக்கீலுக்கு வேற சாட்சியே வேணாம், அந்த ஒரு தாள நீட்டிட்டு உக்காந்துக்குவார்.

இப்ப கணக்கப் பாருங்க. இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினதுக்கு 196வது பிரிவுல மொதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், இல்ல 3 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். நான் பாத்தவரைக்கும் அபராதத்தோட முடியறதுதான் அதிகம். அந்தப் பக்கம் நஷ்ட ஈட்டுக் கணக்கு, மாசம் 12,000 வருமானம், 32 வயசுக்கு மல்டிப்ளையர் (வருஷ வருமானத்த எத்தனையால பெருக்கணும்னு வயச வெச்சு எடுக்கற எண்) 16, வேலை செய்யற திறன்ல 20 சதவீதம் போச்சுன்னு கோர்ட் ஏத்துக்கிட்டா அந்த ஒரு தலைப்புல மட்டும் 4,60,800 ரூபாய். ஆஸ்பத்திரி செலவு, வலி வேதனை, வேலைக்குப் போகாத மாசங்க எல்லாம் தனி. அவன் பயந்தது ரெண்டாயிரத்துக்கு!

இன்சூரன்ஸ் எடுக்காதது ஒரு குத்தம், அடிச்சது யாருங்கறது வேற கேள்வி. லைசென்ஸ் இல்லாம ஓட்டினான்ங்கறதுக்காக மட்டும் விபத்துல அவனுக்கும் பங்கு இருக்குன்னு சொல்ல முடியாதுன்னு உச்ச நீதிமன்றமே 2008ல சொல்லிருச்சு. இன்சூரன்ஸ் விஷயத்துலயும் நாங்க அதே வாதத்ததான் வெக்கறோம்.

"இன்சூரன்ஸ் இல்லாதவனுக்கு வலி வேதனைக்குப் பணம் கிடையாதாமே சார்"னு யூட்யூப் பாத்துட்டு வர்றவங்களும் உண்டு. அது கலிபோர்னியா கதைங்க. 1996ல அங்க ஓட்டெடுப்பு நடத்தி ப்ரொபோசிஷன் 213ன்னு கொண்டு வந்தாங்க, இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினவருக்கு வைத்தியச் செலவு, சம்பள நஷ்டம் கேக்க உரிமை உண்டு, வலி வேதனைக்குக் கேக்க முடியாது, எதிராளி குடிச்சுட்டு ஓட்டி தண்டனை வாங்கியிருந்தா மட்டும் விதிவிலக்கு. நம்ம மோட்டார் வாகனச் சட்டத்துல அப்படி ஒரு வெட்டு கெடையாது.

நெசமாவே தானா விழுந்தா

இங்கதான் இன்சூரன்ஸ் இல்லாதது வலிக்கும். தேர்ட் பார்ட்டி பாலிசிங்கறது அடுத்தவனுக்கு. ஓட்டற ஓனருக்குன்னு இருக்கறது 15 லட்சம் பர்சனல் ஆக்சிடென்ட் கவர், அதுவும் தனியா எடுத்திருக்கணும், லைசென்ஸும் இருக்கணும். அதுலயும் கால் கை போனா, கண்ணு போனா, உசுரு போனாதான் பணம், சாதா எலும்பு முறிவுக்கெல்லாம் வராது.

அடிச்சது நீங்கன்னா

மொத்தமும் ஓனர் கைக்காசு. போலீஸ் புடிச்ச வண்டிய ஜாமீன் தொகை கட்டாம வெளிய விடக்கூடாது, கட்டலன்னா ஏலம் விட்டு அந்தப் பணத்த ட்ரிப்யூனல்ல (விபத்து நஷ்ட ஈடு கேஸ் பாக்கற கோர்ட்) போடணும், இதுக்கு எல்லா மாநிலமும் ரூல் போடணும்னு 2018ல உச்ச நீதிமன்ற உத்தரவே இருக்கு. அப்புறம் ஈ.பி. (தீர்ப்புப் பணத்த வசூல் பண்ணக் கேக்கற மனு) போட்டு வீடு, தேயிலைத் தோட்டம்னு ஜப்தி வரைக்கும் வரும்.

அடிபட்டப்புறம் ஆன்லைன்ல பாலிசி போடறது

பாலிசி எப்ப ஆரம்பிக்குதுன்னு அதுல மணி, நிமிஷம் எல்லாம் இருக்கும். வேணாம்.

கிரேஸ் பீரியட் 90 நாள்

அது நோ க்ளெய்ம் போனஸுக்கு (க்ளெய்ம் பண்ணாததுக்கு பிரீமியத்துல கெடைக்கற தள்ளுபடி). கவருக்கு இல்ல.

லீஃப் வண்டி பின்னாடி ஏர்றது

பச்சத் தேயிலை மூட்டை மேல உக்காந்து சும்மா லிஃப்ட்ல போறோமே, பாலிசி உயிரோட இருந்தாலும் அந்த ஆளுங்களுக்கு அது பொருந்தாது, சரக்கு வண்டில ஓசிப் பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லன்னு 2003லயே தீர்ப்பு ஆயிருச்சு. வண்டி ஓனர்கிட்ட சம்பளத்துக்கு வேலை பாக்கற லோடுமேன்னா அது வேற கதை.

ஆறு மாசம்

விபத்து நடந்த நாள்லருந்து நஷ்ட ஈடு மனு போட 2022 ஏப்ரல் 1லருந்து சட்டத்துல அதுதான் கெடு. கட்டு பிரிக்கட்டும், திருவிழா முடியட்டும்னு உக்காராதீங்க.

வித்த வண்டி

கூடலூர்க்காரர் ஒருத்தர் வித்துட்ட பைக்குக்கு அவர் பேர்லயே சம்மன் வந்துச்சு, வாங்கினவன் இன்சூரன்ஸும் போடல, பேரும் மாத்தல. ஆர்.சி.ல யார் பேரு இருக்கோ அவர்தான் ஓனர்னு 2018ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிருச்சு. ஃபார்ம் 29, 30ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்னு சொன்னா போதாது, பேரு மாறிடுச்சான்னு பரிவாகன்ல நீங்களே பாருங்க, மாறலன்னா ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எழுதிக் குடுத்து அதோட காப்பில சீல் வாங்கி வெச்சுக்கோங்க.